வாசக்காலை ஒட்டிய சுவர்

வாயால் குறை சொல்லி ஜெயபாரதிக்குப் பழக்கமில்லை. பதினாறு வருடமாக அவள் பார்க்கிற வேலை அப்படி. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவு. மேசையில் வந்து விழுகிற பீஸை விரித்து, கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று வரிசை மாறாமல் கண்ணை ஓட்ட வேண்டும். தப்பு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக் கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான். தைத்தது யார், ஏன் இப்படித் தைத்தார், அவர் வீட்டில் என்ன சங்கடம் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாத சமாச்சாரம். கூடை தானாக டைலரிடம் போய்ச் சேரும். சொல்ல வேண்டியதை அம்பு சொல்லிவிடும்.

அதனால், கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் முன்சுவர் கோணல் என்று கொத்தனாரிடம் சொல்ல வேண்டி வந்தபோது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. வியாழக்கிழமை லிண்டல் கான்கிரீட். கதவுக்கும் ஜன்னலுக்கும் தலைக்கு மேலே வீட்டைச் சுற்றி ஓடுகிற அந்தப் பட்டையைப் போட்டு முடித்துவிட்டால், கீழே இருக்கிற சுவரில் அப்புறம் யாரும் கை வைக்க முடியாது. கோணல் கோணலாகவே நின்றுபோகும்.

அவள் கணவர் வேல்குமார் போன கார்த்திகையில் இறந்துபோனார். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டிங் மேசையில் சாய்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். மேல்மாடி செக்கிங்கிலிருந்து அவள் படியிறங்கி வந்தபோது யாரோ மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த பெண்களெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது வெடிக்கும் என்று காத்திருந்த பார்வை அது. அவளோ, அவர் கழுத்தில் போட்டிருந்த மாலையில் ஒரு பக்கம் நார் பிரிந்து பூ சரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடி இருந்தாள். மகள் இந்துமதிதான் அழுதாள். காரியம் முடிந்து அவளும் கோவையில் நர்சிங் படிக்கிற விடுதிக்குத் திரும்பிவிட்டாள். ஜெயபாரதி பதினேழாம் நாள் வேலைக்குப் போனாள். கண் பழையபடி பார்த்தது, கை பழையபடி ஒட்டியது. மற்றபடி எதுவும் அவள் மேல் படவில்லை. சோற்றில் உப்பில்லை என்று பக்கத்து லைன் வீட்டுக்காரி சொன்னால்தான், ஆமாம், இல்லை என்று தெரியும்.

ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோயிருந்த வீட்டு வேலையைக் கொழுந்தனார் செந்தில்வேல்தான் வைகாசியில் மறுபடி தொடங்கி வைத்தான். கொத்தனார் வேல்குமார் ஏற்பாடு செய்த அதே அழகுமலை. பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே சுவர் எழுப்புகிறவர். அவருக்குக் கலவை எடுத்துக்கொடுக்கிற சித்தாள் அவர் மனைவி முத்துப்பேச்சி. நல்ல வேலைக்காரர்கள் என்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுவருக்குத் தண்ணீர் விடுவதற்காக ஜெயபாரதி அங்கே போனாள். ஆளில்லாத வேலைத்தளம். பக்கத்து ஷெட்டில் தறிகூட அன்று ஓடவில்லை. ஓஸ் குழாயைக் கையில் எடுத்தவள், முன்சுவரைப் பார்த்தாள். குழாயைத் திறக்காமல் கீழே போட்டாள்.

ஜன்னல் மட்டம் வரைக்கும் வரிசை வரிசையாகச் செங்கல், கோடு போட்ட நோட்டில் எழுதின மாதிரி இருந்தது. அதற்கு மேலே வேறு யாரோ கட்டினது போல. கலவை ஓரிடத்தில் விரல் கனம், அடுத்த இடத்தில் நூல் கனம். முழுக் கல்லுக்கு நடுவே அரைக்கல், கால்கல். ஒரு கல்லின் சந்து அடுத்த வரிசைக் கல்லின் நடுவில் முடிய வேண்டும் அல்லவா? இங்கே ஐந்து வரிசைக்கு ஒரே சந்தாக, ஏணி வைத்தது போல நேரே ஏறியிருந்தது. வழிந்த கலவை வழிந்தபடி காய்ந்திருந்தது. கன்னத்தைச் சுவரோடு வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். சுவர் நடுவில் கொஞ்சம் உள்வாங்கி, மறுபடி வெளியே வந்தது.

அது அவளை உறுத்தியது. ஏழு மாதத்தில் அவளை உறுத்திய ஒரே பொருள் அந்தச் சுவர்தான். இதையும் பார்க்காதது போல விட்டுவிட்டால் இனி எதையுமே பார்க்க மாட்டோம் என்று தோன்றியது. பயமாகத் தோன்றவில்லை. நாளைக்கு இந்த நேரத்துக்குப் பஸ் என்று சொல்வது போலத் தோன்றியது.

கைப்பையில் ஸ்டிக்கர் அட்டை எப்போதும் கிடக்கும். எடுத்தாள். செங்கல் தூசியில் முதல் இரண்டு அம்பும் ஒட்டாமல் உதிர்ந்தன. முந்தானையால் ஒவ்வொரு கல்லாகத் துடைத்து, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். நான்கு சுவரையும் பார்த்து முடித்தபோது நாற்பத்தேழு. நனைந்தால் விழுந்துவிடுமே என்று முன்சுவருக்கு மட்டும் தண்ணீர் விடாமல் மற்ற மூன்று பக்கத்தையும் நனைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கள் காலை கம்பெனிக்கு இரண்டு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு அவள் வந்து சேர்ந்தபோது முத்துப்பேச்சியின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க! சுவத்துக்கு அம்மை போட்டிருக்கு!"

அழகுமலை கரணையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றார். ஒரு அம்பைக் கிட்டே போய்ப் பார்த்தார். அப்புறம் இன்னொன்றை.

"எந்தப் பய பாத்த வேல இது?"

"நான்தானுங்ண்ணா ஒட்டினேன்" என்றாள் ஜெயபாரதி பின்னாலிருந்து.

அவர் திரும்பினார். கோபப்படுவதா வேண்டாமா என்று முகம் ஒரு கணம் தடுமாறியது. "நீங்களா தாயி? நான் கட்டுன சுவத்துக்கு ஸ்டிக்கரு ஒட்டுன மொத ஆளு நீங்கதான். இஞ்சினியரு கூட சாக்பீஸோட நிப்பாட்டிக்கிருவாரு."

"வாயில சொல்ல வரலீங்க. அதான்."

"தண்ணியும் விடல போலருக்கே? சுவரு வறண்டு கெடக்கு."

"அம்பு நனைஞ்சிருமுங்க."

முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகுமலை அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "இங்க பாருங்க தாயி. செங்கச் சுவருன்னா முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். பூச்சு பூசி, பட்டி பாத்து, பெயிண்டு அடிச்சுட்டா கண்ணாடி மாதிரி ஆயிரும். இந்த அம்பு குத்துன எடமெல்லாம் எங்கேன்னு நீங்களே தேடுவீக."

"அயர்ன் போட்டாலும் அப்பிடித்தானுங்க இருக்கும். ஒரு தண்ணியில போட்டு எடுத்தா கோணிக்கும்."

"சுவத்த யாரு தாயி துவைக்கப் போறா?"

முத்துப்பேச்சிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தாள். நல்ல பதில்தான் என்று ஜெயபாரதிக்கும் தெரிந்தது. முன்பென்றால் அவளும் சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு எங்கேயோ அடுத்த தெருவில் கேட்பது போல இருந்தது.

அவள் முகம் அசையாததைப் பார்த்து அழகுமலையின் குரல் மாறியது. "நாப்பது அம்பு இருக்குமா? என் வேலையே தரித்திரம்னு சொல்றீக. சரி. அப்ப வேற ஆள வச்சுப் பாத்துக்கங்க. நான் சாமான எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன்."

"நாப்பத்தேழுங்க. அப்பிடிச் சொல்லலீங்ண்ணா. கொஞ்சம் எங்கூட வாங்க."

வீட்டைச் சுற்றி அவரை அழைத்துப் போனாள். பின்சுவரில் ஒரு அம்புகூட இல்லை. கிழக்குச் சுவரில் இல்லை. மேற்கில், சமையலறை ஜன்னல் பக்கம் தண்ணீர் படாமல் விட்ட இடத்தில் இரண்டே இரண்டு. அதுவும் கல் உடைந்ததற்கு. மறுபடி முன்னால் வந்து நின்றார்கள். தலைவாசலுக்கு நட்ட மரச்சட்டம், அந்த வாசக்கால், நடுவில் நின்றது. அதற்கு இடப்பக்கம் மூன்றடி, வலப்பக்கம் மூன்றடி, சிவப்பெல்லாம் அதற்குள்தான்.

"கம்பெனியில ஒரு பீஸ்ல கழுத்துத் தையல் கோணினா அது டைலரோட தப்புங்க" என்றாள் ஜெயபாரதி. பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். "வர்ற பீஸிலெல்லாம் ஒரே எடத்துல கோணினா அது தைக்கிறவங்க தப்பில்லீங்க. துணி வெட்டுனதுலயே தப்பு. கட்டிங் தப்பு. டைலரு பாவம், வெட்டுனதுக்குத் தக்கன இழுத்து இழுத்து வெச்சுத் தெச்சிருப்பாங்க. உங்க கைவேலை சரியாத்தானுங்க இருக்குது. வாசக்கால ஒட்டின எடத்துல மட்டும் என்னமோ இழுத்து வெச்சிருக்கீங்க. அது என்னன்னு எனக்குத் தெரியோணும்."

அழகுமலை கரணையில் ஒட்டியிருந்த காய்ந்த கலவையை நகத்தால் சுரண்டினார். முத்துப்பேச்சி சிரிப்பதை நிறுத்திவிட்டு, "சொல்லிருங்க. எத்தன நாளைக்கு மூடி வைப்பீக?" என்றாள்.

அவர் பைக்குள் கைவிட்டுத் தூக்குக்குண்டை எடுத்தார். பித்தளைக் குண்டு, வெள்ளை நூல். ஸ்டூல் மேல் ஏறி, வாசக்காலின் மேல்சட்டத்தில் உள்பக்கமாக நூலைப் பிடித்துக் குண்டைக் கீழே விட்டார். அது ஆடி ஆடி ஓய்ந்தது. மேலே மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நூல், கீழே வரும்போது மரத்தை விட்டு ஒன்றரை விரல் தள்ளி நின்றது.

"கட்டிங்குதான் தாயி" என்றார்.

ஆவணியில் வாசக்கால் வைத்த நாள். காலை ஆறிலிருந்து ஏழே கால் வரைக்கும் நல்ல நேரம். சட்டத்துக்கு அடியில் நவதானியமும் பஞ்சலோகமும் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, நேரம் தவறாமல் நிறுத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு. அழகுமலையின் வண்டி பல்லடம் ரோட்டில் பஞ்சராகிப் போனது. அவர் வந்து சேர்ந்தபோது மணி ஏழரை.

"உங்க வீட்டுக்காரரும் சொந்தக்காரங்க நாலு பேருமா நிப்பாட்டி, அடியில கான்கிரீட்டும் கொட்டி முடிச்சுட்டாக. ரசமட்டம் வச்சுத்தான் பாத்திருக்காக. ஆனா அத மேல்சட்டத்துல படுக்க வச்சுப் பாத்திருக்காக. இடம் வலம் சரியா இருந்துச்சு. நிக்கிற பொருளுக்குக் குண்டு பிடிச்சுல்ல பாக்கணும்? அது அவுகளுக்குத் தோணல."

ஜெயபாரதிக்கு அது புரிந்தது. இருபது வருடம் மேசையில் வேலை பார்த்தவர். அங்கே எல்லாம் படுத்துக் கிடக்கும். துணி படுத்திருக்கும், பேட்டர்ன் படுத்திருக்கும், அளவுகோல் படுத்திருக்கும். நிற்கிற ஒன்றை அவர் அளந்ததே இல்லை.

"நான் சொன்னேன். கான்கிரீட்டு பச்சையாத்தான் இருக்கு, லேசா ஒரு அசப்பு அசைச்சா நேராயிரும்னு. ஒத்துக்கிடல. நல்ல நேரத்துல வச்சத நேரம் போனப்புறம் தொடக் கூடாதுன்னுட்டாக. அப்புறம்..." அழகுமலை நிறுத்தினார். "நீங்க அந்தா அங்க எல்லாருக்கும் பொங்கல் வச்சுக்கிட்டிருந்தீக. உங்கள ஒருக்கா எட்டிப் பாத்துட்டு எங்கிட்ட வந்து குசுகுசுன்னு சொன்னாக. 'எங்கூட்டுக்காரி செக்கிங்குங்ண்ணா. அவ கண்ணுல மாட்டாம சுவத்தக் கட்டிச் சரிக்கட்டிக் குடுத்துருங்க. தெரிஞ்சா நான் சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவா'ன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் 'சாகற வரைக்கும்' என்ற வார்த்தை அவருக்கே உறைத்தது. முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரின்னு வாக்குக் குடுத்தேன் தாயி. ஜன்னல் மட்டம் வரைக்கும் ஒண்ணுந்தெரியல. மேல போகப் போகச் சாய்வு கூடிக்கிட்டே வந்துருச்சு. மரம் உள்ள போவுது, சுவரு நேரா போவுது. சுவத்தக் கொஞ்சங்கொஞ்சமா மரத்துப் பக்கம் இழுத்தேன். அதான் அரைக்கல்லு, கால்கல்லு, கனத்த கலவை எல்லாம். அவுக உசுரோட இருந்தா, முடியலப்பா, எடுத்துருவோம்னு சொல்லியிருப்பேன். இல்லாத மனுசங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கார்த்திகையில் வந்த பெண்கள் பார்த்த அதே பார்வை. ஜெயபாரதி தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். குசுகுசுவென்று பேசும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும்? அதுகூடச் சரியாக நினைவுக்கு வரவில்லை. அவள் அன்று அந்த வாசக்காலுக்குப் பொட்டு வைத்தவள். அதற்கு நேர் எதிரே நின்று வைத்தவள். அன்று அவள் குறை பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தாள்.

"எடுத்துப்போட்டு மறுபடி நட எத்தன நாளுங்க ஆகும்?" என்று கேட்டாள்.

"எத?"

"வாசக்காலத்தானுங்க."

"ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லாதீக!" முத்துப்பேச்சி எழுந்தே விட்டாள்.

அந்த நேரத்தில்தான் செந்தில்வேல் வந்தான். தினமும் தன் டையிங் பட்டறைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி வேலையைப் பார்த்துவிட்டுப் போவான். அம்புகளைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவன், விஷயத்தைக் கேட்டதும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான்.

"ஏனுங்கண்ணி, வெளையாடறீங்களா? நட்ட வாசக்கால ஆராச்சும் புடுங்குவாங்களா? குடும்பத்துக்கு ஆகாதுங்க."

"ஆகாததெல்லாம் ஆயிப்போச்சுங்க தம்பி."

சண்டைக்குச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். செந்தில்வேல் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அது ஒண்ணுதானுங்க அண்ணன் தன் கையால வெச்சது. அதையும் புடுங்கிப்போட்டா இந்த ஊட்டுல அவரு வெச்சதுன்னு என்னங்க இருக்குது?"

ஜெயபாரதி யோசித்தாள். ஒரு தடவை அவர் வெட்டின கட்டு முழுவதையும், கை அளவு ஒரு பக்கம் கூடுதல் என்று அவள்தான் திருப்பி அனுப்பினாள். நான்கு நாள் அவர் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த வடையை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, "முக்கா இஞ்சு. எப்படிடீ கண்டுபுடிச்ச?" என்றார்.

"உங்கண்ணன் வெட்டுனதுல கோணல் இருந்து நான் பாஸ் பண்ணினதில்லீங்க தம்பி. பண்ணுன்னு அவரும் கேட்டதில்ல. இது ஒண்ணத்தான் மறைச்சுப்போட்டாரு."

செந்தில்வேல் கொத்தனாரைப் பார்த்தான், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. அழகுமலையும் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "எனக்கும் மனசு வரல தாயி. சாமானத்த எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாக்கூடப் போயிருவேன். குடுத்த வாக்கு குடுத்த வாக்குதான். அதுவும் போயிட்ட மனுசனுக்குக் குடுத்தது."

"என்னன்னுங்க வாக்குக் குடுத்தீங்க?"

"அதான் சொன்னேன்ல."

"என்ற கண்ணுல மாட்டாம கட்டித் தரேன்னுதானுங்களே? மாட்டிப்போச்சுங்களே. இனி அந்த வாக்கு எதுக்குங்க?"

அழகுமலை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பு என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "இப்பிடி ஒரு பொம்பளைக்குப் பயந்துதான்யா அந்த மனுசன் எங்காதக் கடிச்சாரு" என்றார் செந்தில்வேலைப் பார்த்து. "சரி தாயி. லிண்டலு அடுத்த வியாழக்கெழமைக்குப் போகட்டும். கம்பிக்காரங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை முழுவதும் முன்சுவரைப் பிரித்தார்கள். அம்பு ஒட்டிய கற்களெல்லாம் குப்பையோடு போயின. மரத்தைப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்புகளை எடுக்கக் கீழ்ப்பாகத்தையும் அடி வரைக்கும் உளியால் உடைக்க வேண்டியிருந்தது. புதன்கிழமை வாசக்காலை எடுத்து நடுவது. செந்தில்வேல் காலண்டரைப் பார்த்து, ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம், அதிலாவது அண்ணி குறுக்கே நிற்கக் கூடாது என்று போனில் சொன்னான். அவள் சரி என்றாள். கம்பெனிக்கு அரை நாள் லீவு சொன்னாள்.

இந்தத் தடவை அழகுமலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். அடிக் கான்கிரீட்டை உடைத்துச் சட்டத்தைச் சாய்த்து எடுத்தபோது, அடியில் வைத்த நவதானியம் கறுத்துப் பொடியாகக் கிடந்தது. பஞ்சலோகத் துண்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. "இத என்ன செய்ய?" என்றார். "அங்கயே கெடக்கட்டுமுங்க" என்றாள் ஜெயபாரதி. முத்துப்பேச்சி தன் மடியிலிருந்து புதிதாக ஒரு பிடி நவதானியம் எடுத்துக் குழியில் போட்டாள். யாரும் கேட்கவில்லை; அவளாகவே வாங்கி வந்திருந்தாள்.

சட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். தேக்கு, நல்ல கனம். ஒரு பக்கம் செந்தில்வேல், ஒரு பக்கம் முத்துப்பேச்சி. மூன்றாவது கை தேவைப்பட்டது. அழகுமலை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்க வந்து நடுவுல பிடிங்க தாயி" என்றார். புருஷன் போனவள் தலைவாசலில் கை வைப்பதா என்று செந்தில்வேலின் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. அவள் வந்து பிடித்தாள். மரம் குளிர்ந்திருந்தது.

அழகுமலை குண்டை விட்டார். காற்று வீசிக்கொண்டிருந்தது. குண்டு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. அவர் அடியில் ஒரு மரச்சில்லைச் செருகினார். மறுபடி விட்டார். சில்லை உருவி மெல்லியதாக ஒன்றைச் செருகினார். மறுபடி காற்று.

"மணி பத்துப் பத்துங்க" என்றான் செந்தில்வேல்.

அழகுமலை சில்லை மறுபடி உருவினார்.

"அண்ணி, பத்துப் பதிமூணு. இன்னும் ரெண்டே நிமிசந்தானுங்க. கான்கிரீட்டக் கொட்டச் சொல்லுங்க. இம்புட்டு நேரா வந்திருக்குது, போதுமுங்க. நேரம் முடியப் போகுது."

அழகுமலை கலவைச் சட்டியில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். குண்டு ஒரு நெல் அளவுக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"முடியட்டுங்க" என்றாள் ஜெயபாரதி. "குண்டு நிக்கட்டும்."

நேரம் முடிந்தது. செந்தில்வேல் போனைச் சட்டைப் பையில் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை, பக்கத்து ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. குண்டு மெல்ல மெல்லக் குறைந்து, நின்றது. மேலே நூலும் மரமும் ஒட்டியிருந்தன. கீழேயும் ஒட்டியிருந்தன. அவள் தலையைச் சாய்த்து மேல்சட்டத்திலிருந்து அடி வரைக்கும் ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். அப்புறம் எதிர்ப்பக்கக் கால். அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

"போடுங்கண்ணா" என்றாள்.

கான்கிரீட் கொட்டி, நான்கு பக்கமும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்த பிறகுதான் கையை எடுத்தார்கள். இருபுறமும் சுவரில்லாமல், வெறும் வெளியில் வாசக்கால் தனியே நின்றது. கை கழுவத் தண்ணீர் எடுக்கப் போன செந்தில்வேல், குடத்தோடு திரும்பி வரும்போது, எல்லாப் பக்கமும் திறந்து கிடந்த இடத்தில் சுற்றி வராமல், தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சட்டத்துக்குள் நுழைந்து வந்தான். முத்துப்பேச்சி பார்த்துவிட்டாள்.

"மொத ஆளா குடிவந்துட்டாரு உங்க கொழுந்தனாரு! கால அலம்பிட்டு வந்தாராக்கா, கேளுங்க!"

அழகுமலையும் சிரித்தார். செந்தில்வேலுக்குக் காது சிவந்தது. ஜெயபாரதி கையைக் கழுவிக்கொண்டாள். விரல்கள் மடங்க மறுத்தன. மரத்தை இறுக்கிப் பிடித்த இடத்தில் இரண்டு உள்ளங்கையிலும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வலித்தது.

மதியம் ஒன்றரைக்குக் கம்பெனியில் இருக்க வேண்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "சுவத்துக்குச் சாயங்காலம் வந்து தண்ணி விடறனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கான்கிரீட் இன்னும் பச்சையாக இருந்ததால் அவள் வாசக்காலைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.